நான்கு விநாடிக்கான காரணம்

எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். விடுப்பு விண்ணப்பங்களைத் தவிர நான் எதையும் எழுதியவன் அல்லன். பிழைகள் இருப்பின் அவை என்னுடையவை.

என் இதயத் துடிப்புப் பரிசோதனையின் முடிவு மருத்துவமனையின் மூன்றாம் தளத்துத் தாழ்வாரத்தில் விரிக்கப்பட்டிருந்தது. ஒரு முழு நாளின் துடிப்பு என்பதால் தாழ்வாரத்தை அதற்கேற்ப நீட்டியிருந்தார்கள். மறுமுனை தெரியவில்லை. நானும் என் மனைவி குணவதியும் செருப்புகளை வாசலில் விட்டுவிட்டு, இளஞ்சிவப்புக் கட்டங்கள் போட்ட அந்தத் தாளின் ஓரமாக நடந்தோம்.

துரைக்கண்ணு என்ற டெக்னீஷியன் முன்னால் நடந்தார். என் மார்பில் வயர்களை ஒட்டி, இடுப்பில் சிறு பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தான். ஒரு குச்சியால் கோடுகளைத் தொட்டுக் காட்டினார்.

“இது நீங்க பல்லு விளக்குனது. இது மாடிப்படி ஏறுனது. இது பக்கத்து வீட்டுக்காரரப் பாத்துச் சிரிச்சது. மனசில்லாமச் சிரிச்சிருக்கீங்க சார்.”

ஒப்புக்கொண்டேன். காலை எட்டு மணிப் பகுதியில் தாள் இட்லிச் சூட்டோடு இருந்தது. குணவதி குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

பதினொன்று பத்தில் கோடு மேடுபள்ளம் இல்லாமல் படுத்துவிட்டது. நான்கு விநாடிகள் துடிப்பே இல்லை என்றார் துரைக்கண்ணு. அந்த நான்கு விநாடிகளின் இருமருங்கிலும் நாற்காலிகள் போட்டு மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் வணக்கம் சொன்னேன்.

“டைரியக் குடுங்க.”

பெட்டியோடு ஒரு சிறு டைரியும் தந்திருந்தார்கள். உடம்புக்கு ஏதாவது செய்தால், அந்த நேரத்தையும் அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும் அதில் குறிக்க வேண்டும். அறிமுகம் இல்லாதவர்களிடம் குறை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே எல்லா மணிக்கும் ‘நலம். தங்கள் அன்புக்கு நன்றி’ என்று எழுதியிருந்தேன்.

துரைக்கண்ணு படித்தார். “நாங்க என்ன சார், கல்யாணத்துக்கா கூப்பிட்டோம்?”

காரணம் எழுதாத இடைவெளியை மருத்துவமனை வைத்துக்கொள்வதில்லை என்று அவர் விளக்கினார். அந்த நேரத்தில் எதிரில் இருந்தவர் யாரோ, அவரிடம் அது ஒப்படைக்கப்படும். அவர் அதன்மேல் நடந்து போய்விட வேண்டும். திரும்பி வரும் வழக்கம் இல்லை.

“நான்தான் இருந்தேன்,” என்றாள் குணவதி.

உண்மைதான். அன்று பதினொன்று பத்துக்கு அவள் கீரை ஆய்ந்துகொண்டே ஒன்று கேட்டிருந்தாள். அதையே இப்போது எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

“என்னக் கட்டாம இருந்திருந்தா நல்லா இருந்திருப்பீங்களோன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, அதெல்லாம் இல்லன்னீங்க. அந்தக் கொஞ்ச நேரம் இதானா?”

துரைக்கண்ணு பேனாவை நீட்டினார். “இப்பவும் எழுதலாம் சார். ஒரு வரி போதும். அம்மாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்.”

காரணம் எனக்குத் தெரியும். அவள் கேட்டதும், அவள் இல்லாத வீட்டை நான் மனத்துக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். கூடத்தில் யாரும் இல்லை. சமையலறையில் யாரும் இல்லை. கீரைக்கட்டு பிரிக்கப்படாமல் கிடந்தது. பயத்தில் இதயம் நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிய மனைவியைப் பற்றி இப்படியெல்லாம், அந்நியர் முன்னிலையில், ஒரு மருத்துவமனைத் தாளில் எழுதுவது முறைதானா என்று யோசித்தேன். நான்கு விநாடிகள் யோசித்தேன். பிறகு தெளிவான கையெழுத்தில் ‘நலம்’ என்று எழுதினேன்.

குணவதி படித்தாள்.

“சரிங்க,” என்றாள்.

சேலைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிக்கொண்டு, படுத்துக் கிடந்த கோட்டின்மேல் ஏறி நடந்தாள். நான் பின்னால் காலெடுத்து வைத்தேன். துரைக்கண்ணு குச்சியைக் குறுக்கே நீட்டினார். அவள் நடக்க நடக்கக் கோடு நீண்டது. வெகுதூரம் போன பிறகு ஒருமுறை திரும்பினாள்.

“சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு.”

அவர்கள் தாளைச் சுருட்டத் தொடங்கினார்கள். நாற்காலிகளையும் எடுத்துவிட்டார்கள். என் அறிக்கையில் ‘மற்றபடி இயல்பு’ என்று முத்திரை குத்தித் தந்தார்கள். நன்றி சொன்னேன்.

இழந்தவை: நான்கு விநாடிகள். மறுபடியும் நான்கு விநாடிகள். வயர் ஒட்டிய ஐந்து இடங்களில் மார்பு முடி. வாசலில் விட்டுக் காணாமல் போன என் செருப்பு. குணவதி, வயது ஐம்பத்தாறு.

அவளுடைய செருப்பு அங்கேயே இருக்கிறது. ஆகையால் அதைச் சேர்க்கவில்லை.