நாலாம் நம்பர் பரணில் ஒரு சரசரப்பு

"என்னைக் கட்டிக்கிறதுக்கு மூணு வாரம்தான் யோசிச்சான். இந்தக் கோட்டுக்கு நாலு மாசம்" என்று குன்வோர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் புருஷன் ஆர்வித் நகராட்சியில் நில அளவையாளன். எதையும் அளக்காமல் நம்பமாட்டான். கல்யாணம் ஒன்றில்தான் அளவு பார்க்காமல் இறங்கிவிட்டான், அதுவும் நன்றாகவே அமைந்துவிட்டது.

போன வருஷ எல்க் மான் வேட்டையில் மழை அவன் கழுத்து வழியாக இறங்கி, முதுகுத்தண்டில் ஓடி, அதற்குமேல் போக வழியில்லாமல் உட்காரும் இடத்தில் குளமாகத் தேங்கியது. மதியத்திலேயே பல் கிட்டிப்போய், எல்லாருக்கும் முன்னால் வீட்டுக்குக் கிளம்பினான். நாம்டால் பள்ளத்தாக்கில் ஒரு ஆண்பிள்ளை எதற்காக வேண்டுமானாலும் வேட்டையிலிருந்து பாதியில் கிளம்பலாம், மழைக்காக மட்டும் கிளம்பக்கூடாது. அடுத்த வருஷம் பூராவும் அவனைப் பார்க்கிறவர்கள் வானத்தைப் பார்த்து, "மேகம் வருது, ஆர்வித், வீட்டுக்குப் போறியா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

ஆகவே கோட்டு. ஒரு துணி எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. ஆர்வித் பத்தொன்பது கோட்டுகளின் கணக்கைக் கட்டம் போட்டு எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். கடையில் இருந்த இங்வில்ட், அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஒரு பச்சைக் கோட்டை எடுத்துப் போட்டாள்.

"வேட்டைக்குன்னா இதை எடு. மேல தடவிப் பாரு, பூனை முதுகு மாதிரி இருக்கும்."

"எவ்வளவு தாங்கும்?"

"பத்தாயிரம்."

"அந்த மூலையில தொங்குதே, அது?"

"அது முப்பதாயிரம். ஆனா அது படகுல போறவங்க…"

"அதையே குடு."

"ஆர்வித், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு."

"முப்பது பத்தைவிடப் பெருசு, இங்வில்ட். இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

வீட்டுக்கு வந்ததும் சோதனை. கோட்டையும் அதே துணியில் தைத்த கால்சட்டையையும் மாட்டிக்கொண்டு, தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, குளியலறையில் முக்காலி போட்டு ஷவருக்கு அடியில் உட்கார்ந்தான். மடியில் துப்பாக்கிக்குப் பதில் துடைப்பம். தூக்கினான், குறிவைத்தான், இறக்கினான். குன்வோர் பல் தேய்க்க வந்தவள் கதவில் சாய்ந்துகொண்டு சிறிது நேரம் பார்த்தாள்.

"கோட்டைச் சோதிக்கிறியா, இல்ல கிறுக்கு எவ்வளவு முத்தியிருக்குன்னு சோதிக்கிறியா?"

ஒரு மணி பதினோரு நிமிஷம். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. ஆர்வித் அதைத் தேதி போட்டுக் குறித்துவைத்தான். ஷவர் கொட்டுகிற இரைச்சலில் ஆனை பிளிறினாலும் கேட்காது என்பதை மட்டும் குறிக்க விட்டுப்போயிற்று.

அக்டோபர் கடைசி ஞாயிறு. வேட்டைக்குழுவில் எட்டுப் பேர். அந்த வருஷ அனுமதியில் ஒரே ஒரு ஆண் எல்க் பாக்கி. காலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே மரம் ஏற்றும் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் கூடினார்கள். குழுவுக்குத் தலைவி தூர்ஹில்ட், பால் பண்ணைக்காரி. கூட்டத்திலேயே சின்னவள் அவள்தான், ஆனால் அவள் வாயைத் திறந்தால் நாய்கூட உட்கார்ந்துவிடும்.

ஓட்வார் தன் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டில் வந்து நின்றார். எழுபத்துநாலு வயது. வயதில் மூத்தவர்தான், ஆனால் காட்டில் எல்லாருக்கும் எல்லாரும் நீ, வா, போதான். நனைந்த கம்பளியிலிருந்து ஆட்டுக்கொட்டகை வாசம் வந்தது.

"உன் கோட்டு இன்னும் உயிரோடதான் இருக்கா, ஓட்வார்?" என்றான் ஆர்வித், தன் புது உடுப்பில் மழை முத்து முத்தாக உருண்டு ஓடுவதை எல்லாரும் பார்க்கட்டும் என்று கையை நீட்டி வைத்துக்கொண்டு. "தண்ணி பட்டா மே-ன்னு கத்துமே."

"கத்தாதுப்பா. அதுக்குத்தான் இதைப் போடறேன்" என்று சொல்லி ஓட்வார் இருமினார். மார்ச்சில் நிமோனியா வந்துபோனதிலிருந்து அந்த இருமல். ஆழத்திலிருந்து வாளி இழுப்பதுபோல வரும்.

ஸ்டெய்னார், ஊரில் டிராக்டர் பழுது பார்க்கிறவன், வாயை அடக்கத் தெரியாதவன். "இந்த இருமலுக்கும் சேர்த்து லைசென்ஸ் எடுத்திருக்கியா?" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. தூர்ஹில்ட் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "ஓட்வார், இன்னிக்கு அஞ்சாம் பரண்ல உக்காரு. ஆனா இது போகலைன்னா அடுத்த வருஷம் யோசிக்கணும். நீ அடுப்புப் பக்கம் இருந்தேன்னா எங்களுக்கும் சூடா காபி கிடைக்கும்" என்றாள்.

"பெட்டைக்கோழி மாதிரி சுருண்டு உக்காந்துக்கறேன், தூர்ஹில்ட். சத்தமே வராது."

அஞ்சாம் பரண் அவர் கையால் அடித்தது. இருபத்தெட்டு வயதில் ஏறியவர், இன்னும் இறங்கவில்லை. காபி போடுகிற இடத்துக்கு ஒருவரை அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரியும்.

ஆர்வித்துக்கு நாலாம் பரண், சதுப்பு ஓரமாக. ஓட்வாரின் பரண் மேட்டுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். காதில் வாக்கிடாக்கியின் குழாய். இரண்டு மணி நேரம் மழை பெய்தது, ஆர்வித் பஞ்சுப்பெட்டிக்குள் வைத்த முட்டைபோல உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் நனைந்துகொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு அந்தச் சுகத்துக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டது.

பதினோரு மணிக்கு மழை சட்டென்று நின்றது. குளிர் இறங்கியது. காடே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்ததுபோல ஒரு அமைதி. தூரத்தில் எல்க்கைக் கிளப்பிவிடும் குழு நாய் குரைத்தது, நெருங்கியது, பிறகு நின்றது. எதிரே பிர்ச் மரங்களுக்கு நடுவிலிருந்து எல்க் வெளியே வந்தது.

ஒன்பது கிளைக் கொம்பு. எண்பது மீட்டர். விலாவைக் காட்டிக்கொண்டு, அந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றது. ஆர்வித் துப்பாக்கியைத் தூக்கினான்.

சரக்.

குளிரில் விறைத்த துணி, சினிமாக் கொட்டகையில் யாரோ சிப்ஸ் பொட்டலம் பிரித்ததுபோல முனகியது. எல்க்கின் ஒரு காது இவன் பக்கம் திரும்பியது. ஆர்வித் மூச்சை நிறுத்தினான். மெதுவாகத் தூக்கினால் சத்தம் குறையும் என்று நினைத்து மெதுவாகத் தூக்கினான். சத்தம் குறையவில்லை, நீண்டது. சர்ர்ர்ர்ரக். இரண்டாவது காதும் திரும்பியது. அடுத்த நொடி சதுப்புத் தண்ணீர் தெறித்தது, கொம்பு மரங்களுக்குள் போனது. பக்கத்துக் குழுவின் எல்லைக்குள்.

ஆர்வித் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். பத்து நொடி இருக்கும். அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் கேட்டது. அடக்கி அடக்கிக் கடைசியில் முடியாமல் வெடித்த இருமல்.

"யாராவது பாத்தீங்களா?" காதுக்குள் தூர்ஹில்டின் குரல்.

"இருமல் கேட்டுச்சு. நாங்கள்லாம் கேட்டோம்" என்றான் மூன்றாம் பரணிலிருந்து ஸ்டெய்னார்.

"ஆர்வித்?"

ஆர்வித் பொத்தானை அழுத்தினான். "என் முன்னாடி வந்து நின்னுச்சு. திடீர்னு காதைத் திருப்புச்சு. ஓடிருச்சு."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நில அளவையில் இப்படி ஒரு வேலை உண்டு. எல்லாக் கல்லையும் சரியாக நட்டுவிட்டு, ஒரே ஒரு கல்லை மட்டும் நடாமல் விட்டால் போதும், பக்கத்து வீட்டுக்காரன் நிலம் போய்விடும்.

காட்டில் நெருப்பு மூட்டும் இடத்தில் கூடினார்கள். குண்டுகளை எடுத்துவிட்டுத் துப்பாக்கிகளைச் சாய்த்துவைத்தார்கள். கெட்டிலில் காபி கொதித்தது. குச்சியில் குத்திய சாசேஜுகள் நெருப்பில் வெடித்தன. ஆர்வித் ஒரு கட்டையில் உட்கார்ந்தவன் அசையவில்லை. கையை நீட்டினால் சரசரக்கும். குனிந்தால் சரசரக்கும். திரும்பிப் பார்த்தால் கழுத்துப்பட்டை சரசரக்கும்.

"என்னய்யா, சர்ச்சுல வச்ச பொம்மை மாதிரி உக்காந்திருக்கே? சாசேஜை எடு."

"பசிக்கல, ஸ்டெய்னார்."

"உனக்கா?"

ஆர்வித்தின் கண் மட்டும் சாசேஜிலேயே இருந்தது. கடைசியில் ஸ்டெய்னாரே உருளைக்கிழங்கு ரொட்டியில் ஒன்றைச் சுருட்டி அவன் வாயருகே கொண்டுவந்தான். ஆர்வித் கழுத்தை மட்டும் நீட்டிக் குருவிக்குஞ்சுபோல வாங்கிக்கொண்டான்.

ஓட்வார் எதிரே நின்றுகொண்டிருந்தார். அவர் உட்காரவே இல்லை.

"நானாத்தான் இருக்கும்" என்றார் தூர்ஹில்டிடம். "கையை வாயில அடைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். மழை நின்னதும் தொண்டை கேக்கல." பிறகு ஆர்வித்தின் பக்கம் திரும்பினார். "நீதானே பக்கத்துல இருந்தே. என் இருமல்லதானே அது திரும்புச்சு?"

இது நேரான கேள்வி. நடாமல் விட்ட கல்லை நடுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

"எனக்குச் சரியாத் தெரியல, ஓட்வார்" என்றான் ஆர்வித்.

ஓட்வார் தலையாட்டினார். இடுப்பிலிருந்து வாக்கிடாக்கியைக் கழற்றி, ஒயரை விரலில் ஒழுங்காகச் சுற்றி, தூர்ஹில்டின் கையில் வைத்தார். "மத்தியானத்துக்கு அஞ்சுல வேற யாரையாவது உக்கார வை. நான் காபியைப் பாத்துக்கறேன்."

"இன்னிக்கு மட்டும்…" என்று தூர்ஹில்ட் ஆரம்பித்தாள்.

"இல்லம்மா. போதும்."

ஸ்டெய்னார்கூட நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க முடியுமா என்று யோசிப்பதுபோலத் தெரிந்தது.

ஆர்வித்துக்குள் ஏதோ கொதித்தது. முப்பதாயிரம் மில்லிமீட்டர் கோட்டு வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாது, உள்ளேயிருந்தும் எதையும் வெளியே விடவில்லைபோல. "சூடா இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு ஒரு ஒதுக்குப்புறமாகப் போய்க் கோட்டைக் கழற்றிக் கிளையில் தொங்கவிட்டான். நாலு டிகிரிக் குளிரில் வெறும் சட்டையோடு திரும்பி வந்து உட்கார்ந்தான். மூன்றே நிமிஷத்தில் தாடை ஆட ஆரம்பித்தது.

யாரோ பின்னாலிருந்து அவன் தோளில் கனமாக எதையோ போர்த்தினார்கள். ஈரக் கம்பளி. ஆட்டுக்கொட்டகை வாசம். உள்பக்கம் இன்னொருவரின் உடம்புச் சூடு.

"போட்டுக்க" என்றார் ஓட்வார். "நீ மத்தியானம் பரண்ல உக்காரணும். நான் நெருப்புகிட்டதானே இருக்கப்போறேன்."

ஆர்வித் தோளை அசைத்தான். கையைத் தூக்கினான். இறக்கினான். ஒரு சத்தமும் இல்லை.

அவன் எழுந்து கம்பளியைக் கழற்றி ஓட்வாரின் தோளில் திரும்பப் போட்டான். கிளையிலிருந்து தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு நெருப்புக்கு முன்னால் வந்து நின்று, துப்பாக்கி தூக்குவதுபோல இரண்டு கைகளையும் தூக்கினான்.

சரக்.

ஏழு பேரும் பார்த்தார்கள். நாய் காதைத் தூக்கியது.

"இதுதான் எல்க் கேட்டது. இது முதல்ல. அப்புறம் நான் மெதுவாத் தூக்கினேன்." மெதுவாகத் தூக்கிக் காட்டினான். சர்ர்ர்ர்ரக். "அது ஓடினதுக்கு அப்புறம்தான் ஓட்வார் இருமினான். பத்து நொடி கழிச்சு."

ஸ்டெய்னார் கெக்கலித்துவிட்டான். சிரிப்பு நிற்காமல் சாசேஜ் நெருப்பில் விழுந்தது. "கடவுளே! ஒன்பதாயிரம் குரோனருக்குச் சிப்ஸ் பொட்டலம் வாங்கிப் போட்டுட்டு வந்திருக்கான்! கடையில கையத் தூக்கிப் பாக்கலியா நீ?"

"ஷவருக்கு அடியில தூக்கிப் பாத்தேன்" என்றான் ஆர்வித். அதையும் சொன்னான், துடைப்பத்தோடு சேர்த்து. இனி மறைத்து வைக்க என்ன இருக்கிறது? தூர்ஹில்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள், ஓட்வாரைத் தவிர.

"கேட்டேனே, ஆர்வித்" என்றார் அவர்.

சிரிப்பு அடங்கியது.

"கேட்டே."

"தெரியலன்னு சொன்னே."

"வெக்கமா இருந்துச்சு."

"கோட்டுக்கா?"

"முதல்ல கோட்டுக்கு."

ஓட்வார் காத்திருந்தார். ஆர்வித் தன் பூட்ஸைப் பார்த்தான். முகம் சுட்டது. ஒரு வருஷமாக மழையில் நனைந்ததற்காக வெட்கப்பட்டவன், அது எவ்வளவு சுலபமான வெட்கம் என்று இப்போதுதான் பார்த்தான். நனைந்தால் காய்ந்துவிடும்.

"அரை மணி நேரம் நான் நின்னுக்கிட்டே இருந்தேன்" என்றார் ஓட்வார். "நீ சாசேஜ் தின்னுக்கிட்டிருந்தே." அவ்வளவுதான் சொன்னார். கையை நீட்டினார். தூர்ஹில்ட் வாக்கிடாக்கியை அதில் வைத்தாள்.

"ஓட்வார்" என்று ஆரம்பித்தான் ஸ்டெய்னார், "காலைல நான் சொன்னது…"

"நீ எப்பவும் சொல்றதுதானே. உன்னை யார் எடுத்துக்கறா?" ஓட்வார் ஒயரைப் பிரித்துக் காதில் செருகிக்கொண்டு அஞ்சாம் பரணுக்குப் போகிற பாதையில் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் எங்க உக்காரட்டும்?" என்றான் ஆர்வித்.

தூர்ஹில்ட் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ இங்கயே இரு. காபி ஆறாமப் பாத்துக்க. நெருப்புப்பொறி படாம உக்காரு, அந்தத் துணி ஓட்டையாயிடும்."

எல்லாரும் போனபின் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஆர்வித் கட்டையில் உட்கார்ந்து கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் காதுக் குழாய் கரகரத்தது. தூர்ஹில்ட் ஒவ்வொரு பரணாகக் கூப்பிட்டாள்.

"மூணு?"

"இருக்கேன்" என்றான் ஸ்டெய்னார். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

"நாலு காலி. அஞ்சு?"

பதில் உடனே வரவில்லை. ஆர்வித் கெட்டிலை அப்படியே கையில் பிடித்தபடி காத்திருந்தான். பிறகு பொத்தான் அழுந்தும் சத்தம். இருமல் வந்தது, அடக்காத முழு இருமல், ஏழு பேர் காதிலும் நிறைந்தது.

"இருக்கேன்" என்றார் ஓட்வார்.