பாதிக்கு மேல் சேதம்

வெள்ளம் வடிந்ததும் தெருவில் சேற்றுக்கும் புத்திமதிக்கும் பஞ்சமில்லை. சலூன்காரருக்கு இரண்டும் வீட்டுக்குள்ளேயே கிடைத்தன. புத்திமதி, மனைவியின் தம்பி வாயிலிருந்து. தன் பிழைப்பைத் தவிர மற்ற எல்லாமே அந்த மச்சினனுக்கு அத்துப்படி.

"மாமா, சேதத்தைப் பாக்க என்ஜினீயர் வர்றாங்களாம். வீடு இப்படி லட்சணமா நின்னா, நிவாரணம்னு ஒரு சல்லிக்காசு தேறாது."

முன்னறை சலூன், பின்னால் ஓர் அறை, சமையற்கட்டு. அவ்வளவுதான் வீடு. தரை உள்வாங்கியிருந்தது, நிலைக்கண்ணாடியின் பாதிவரை சேற்றுக் கோடு. அது போதாதாம். மச்சினன் கடப்பாரையோடு பின்னறைக்குள் போனான், பின்சுவர் படுத்துவிட்டது. சலூன்காரர் தன் பங்குக்குக் காரையைச் சுரண்டி, கதவைக் கழற்றிச் சேற்றில் போட்டார். அழுகிற பொறுப்பு மனைவிக்கு.

"எனக்கு நிஜமாவே அழுகை வருது. யாரும் சொல்லித் தர வேணாம்," என்றாள் அவள்.

என்ஜினீயரம்மா வந்தார். தட்டினார், அளந்தார், கணக்குப் போட்டார்.

"பாதிக்கு மேல சேதம்."

சலூன்காரருக்கு வாயெல்லாம் பல். மச்சினன் மீசையைத் தடவிக்கொண்டான்.

"அதனால இதை இப்படியே பூசி மெழுகக் கூடாது. வெள்ளம் வர்ற இடத்துல பாதிக்கு மேல போன வீட்டைத் தூண் போட்டு, ஆள் உயரத்துக்குத் தூக்கித்தான் கட்டணும். விதி அப்படி."

"பாதிக்குக் கீழ இருந்தா, மேடம்?"

"இருந்தபடியே ரிப்பேர் பண்ணிக்கலாம்."

சலூன்காரருக்குத் தலை சுற்றியது. அவருடைய வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் முழங்கால் வலிக்காரர்கள். ஒரு ஷேவிங்குக்காக ஆள் உயரம் ஏறி எவன் வருவான்? அடுத்த தெருக் கடைக்காரன் தரையோடு தரையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். பிழைப்பு போச்சு.

"மேடம், உள்ளதைச் சொல்லிடறேன். பின்சுவரை வெள்ளம் சாய்க்கவே இல்லை. இதோ, இந்தப் புண்ணியவான்தான் இடிச்சான்!"

சொன்னால் நம்புவார்களோ என்னவோ என்று கடப்பாரையையும் ஓடிப்போய் எடுத்துவந்து காட்டினார். செய்த திருட்டுத்தனத்துக்குச் சாட்சி தேடி இப்படி அலைந்த மனிதர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

"தனியாவா இடிச்சார்? ரொம்ப நேரம் ஆச்சா?" என்று கேட்டார் என்ஜினீயரம்மா.

மச்சினனுக்குப் பெருமை தாங்கவில்லை. "நேரமா? ரெண்டே குத்து, மேடம். மொத்தமும் சரிஞ்சிருச்சு."

என்ஜினீயரம்மா குவியலிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து விரலால் அழுத்தினார். வெள்ளத்தில் ஊறிப்போயிருந்த அது களிமண்ணாக உதிர்ந்தது.

"இந்தச் சுவரோரம் யாராவது படுப்பீங்களா?"



"பசங்க ரெண்டு பேரும். நேத்து ராத்திரி வரைக்கும்," என்றாள் மனைவி.

சலூன்காரர் பின்சுவர் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். கடப்பாரையைக் கீழே வைத்தார். ஆனாலும் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

"இல்ல மேடம், முழங்கால் வலிக்காரங்க எப்படி..."

"கத்திரியை எடுத்துக்கிட்டு நீங்க இறங்கி அவங்க வீட்டுக்குப் போங்க," என்றாள் மனைவி. "எம்புள்ளைங்க மேலதான் தூங்கும்."