மாரியாயிக்குப் பிடித்த வறுவல்

அந்த வருஷம் தேர்தல் வருஷம். திருச்சி முழுக்க டீக்கடை தவறாமல் கட்சி பேசிக்கொண்டிருந்தபோது, திருவெறும்பூர் பாய்லர் பாக்டரிக்குப் போய்வந்த மூன்று பேர் மட்டும் உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கட்சி பிரித்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

வெல்டர் அழகிரி உப்புக் கட்சி. கிழங்கை மெல்லிசாகச் சீவி, காய்ந்த எண்ணெயில் விட்டு, நிறம் மாறும் நேரத்தில் உப்புத் தண்ணீரைத் தெளித்து அள்ளிவிட வேண்டும், அதற்கு மேல் எதைத் தூவினாலும் அது கிழங்குக்குச் செய்யும் துரோகம் என்பான். ஸ்டோர்ஸில் வேலை பார்த்த பரக்கத் அலி மிளகாய்த்தூள் கட்சி. நாக்கு எரியாவிட்டால் தின்றதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார். கிரேன் ஓட்டிய விக்டர் மூவரில் இளையவன், பொன்மலைக்காரன், இன்னும் கல்யாணம் ஆகாதவன். அவன் பூண்டுக் கட்சி. தெப்பக்குளத்துச் சந்தில் ஷேக் தாவூது பாய் கடையில் பூண்டைத் தட்டி எண்ணெயில் பொரித்து, அந்த எண்ணெயிலேயே கிழங்கையும் பொரித்து எடுப்பார்கள். அந்த வாசனை வந்தால் விக்டர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைப்பக்கம் திரும்புவான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மூவரும் ஒரே பஸ்ஸில் டவுனுக்குப் போய், ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, எது உசத்தி, எது மட்டம் என்று வழக்காடிக்கொண்டே திரும்புவார்கள். ஒருநாள் பஸ் அரியமங்கலம் தாண்டும்போது விக்டர் சொன்னான்: "அழகிரி அண்ணே, உலகத்துலயே உப்பு போட்டும் உப்புச்சப்பில்லாம இருக்கிற ஒரே பண்டம் உங்க வறுவல்தான்."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அழகிரியும் சிரித்தான். அவனுக்கு அப்போது விக்டர் மேல் கோபமே கிடையாது. வீட்டுக்குப் போனால் தன் கட்சிக்கு இன்னோர் ஓட்டு இருக்கிறது என்ற தைரியம். கல்யாணமாகி மூன்று வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் கொண்டுவந்து நீட்டுகிற உப்பு வறுவலை மாரியாயி வாங்கிப் பிரித்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாயிருக்குங்க" என்பாள். ஒரு தடவையும் தவறியதில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரக்கத் அலியும் விக்டரும் அழகிரியின் குவார்ட்டர்ஸுக்கு கேரம் ஆட வந்தார்கள். மூன்று பொட்டலங்களும் ஒரே தட்டில் மூன்று குவியலாகக் கிடந்தன. ஆட்டம் நின்று பழையபடி வழக்கு ஆரம்பித்தது. பரக்கத் அலி ஒரு பக்கம் கையை ஆட்ட, அழகிரி ஒரு பக்கம் தொடையைத் தட்ட, விக்டர் எழுந்து சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அண்ணி, நீங்க வந்து சொல்லுங்க. மூணுல உங்களுக்கு எது பிடிக்குது?"

மாரியாயி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சொல்லிவிட்டு ஓடிவிடுவாள் என்று அழகிரி நினைத்தான். அவளோ தட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒவ்வொரு குவியலிலும் ஒன்றை எடுத்து, கண்ணை லேசாக மூடி, நிதானமாக மென்றாள். பூண்டுக் குவியலுக்கு மட்டும் இரண்டாவது தடவை கை போயிற்று.

"பூண்டு போட்டதுதான்" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அழகிரி அதுவரைக்கும் பார்த்ததில்லை. சரி, ரொம்ப மட்டம் எது என்று பரக்கத் அலி விடாமல் கேட்டார். மாரியாயி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். அவள் சொல்லாதது எல்லோருக்கும் புரிந்து, இரண்டு பேரும் கேரம் பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அழகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் சிவப்புக் காயை விரலால் அடிக்காமல் கையால் தள்ளிவிட்டான்.

அன்றிலிருந்து அவனுக்கு நெஞ்சுக்குள் எதுவோ கனன்றுகொண்டே இருந்தது. வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டு பொறி பறக்க வேலை செய்யும்போதும் அந்தச் சிரிப்புதான் கண்ணுக்குள் வந்தது. தலைக்கு மேல் கிரேன் நகர்ந்தால் அண்ணாந்து பார்ப்பான். அங்கே விக்டர் கூண்டுக்குள் உட்கார்ந்து எதையாவது பாடிக்கொண்டிருப்பான். பொழுதுபோகாமல் பாடுகிறானா, அல்லது சந்தோஷமாக இருக்கிறானா? சந்தோஷம் என்றால் என்னத்துக்கு? இப்படியெல்லாம் அழகிரி யோசித்தான். மாரியாயி ரசத்தில் பூண்டு தட்டிப் போட்டால் போதும், சாப்பாடு இறங்காது. முன்னெல்லாம் இவ்வளவு பூண்டு போடுவாளா என்று ஞாபகப்படுத்திப் பார்ப்பான். போட்டிருக்கிறாள் என்றுதான் தோன்றும். ஆனாலும் மனசு ஆறாது.

இதற்கிடையில் ஒரு புதன்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனவன், அரிசி டின்னுக்குப் பின்னால் எண்ணெய்க் கறை படிந்த ஒரு பொட்டலத்தைப் பார்த்துவிட்டான். எடுத்து மோந்தான். பூண்டு. பாதி தின்று, மீதியைச் சுருட்டி வைத்திருந்தது. சுற்றியிருந்தது தாவூது பாய் கடையில் கட்டித் தரும் அதே சணல் நூல்.

மாரியாயி கொல்லையில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அழகிரி கேட்கவில்லை. பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்தான். புதன்கிழமை அவனுக்குப் பகல் ஷிப்ட். விக்டருக்கு அந்த வாரம் ராத்திரி ஷிப்ட், அதாவது பகலெல்லாம் சும்மா இருப்பான். பொன்மலையிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு சைக்கிளில் வர எவ்வளவு நேரமாகும்? இந்தக் கணக்கைப் போட்டபோது அழகிரிக்கே தன் மேல் அசிங்கமாக இருந்தது. ஆனாலும் போட்டு முடித்தான்.

அதற்கப்புறம் சனிக்கிழமை பஸ்ஸில் விக்டர் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தாலும் அழகிரி பின்னால் போய் நின்றுகொள்வான். ஞாயிற்றுக்கிழமை கேரமுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டான். பரக்கத் அலி இரண்டு தடவை என்ன விஷயம் என்று கேட்டுப் பார்த்தார், ஒன்றும் பெயராததால் விட்டுவிட்டார். விக்டர் கேட்கவில்லை. அவன் முகம் மட்டும் கொஞ்சம் சின்னதாகிப் போயிருந்தது. அதைப் பார்த்தபோதும் அழகிரிக்கு அது குற்றமுள்ள முகமாகத்தான் பட்டது.

ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஞாயிறு, அவர்கள் செக்‌ஷன் ஆட்கள் எல்லாம் குடும்பத்தோடு முக்கொம்பு போவதாக ஏற்பாடு. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவர வேண்டும். அழகிரி முதல் ஆளாகக் கையைத் தூக்கி, வறுவல் என் பொறுப்பு என்றான். அவனுக்குள் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பூண்டை அடிக்கிற மாதிரி ஒரு வறுவல் கொண்டுவந்து மாரியாயி கையில் கொடுக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் அவள் அன்றைக்குச் சிரித்த மாதிரி சிரிக்க வேண்டும். விக்டர் அதைப் பார்க்க வேண்டும்.

முந்தின நாள் தனியாகத் தாவூது பாய் கடைக்குப் போனான். பூண்டும் போடுங்க, மிளகும் போடுங்க, மிளகாய்த்தூளும் போடுங்க, மேலே பெருங்காயமும் தூவுங்க, எல்லாமே ரெண்டு பங்கு என்றான். பாய் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவனை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது வருஷமாகச் சட்டி முன்னால் நிற்கிறேன், இப்படி யாரும் கேட்டதில்லை, வேண்டாம் தம்பி என்றார். அழகிரி பிடித்த பிடியை விடவில்லை. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொரித்துக் கொடுத்தார்.

முக்கொம்பில் காவிரி கரைமுட்டப் போய்க்கொண்டிருந்தது. மதகுகளின் இரைச்சல் மரத்தடிவரை கேட்டது. மரத்தடியில் ஜமக்காளம் விரித்து, புளிச்சோறும் தயிர்ச்சோறும் பரக்கத் அலியின் மனைவி கமர் ஜஹான் கட்டிக் கொடுத்த ரொட்டியும் எடுத்து வைத்தார்கள். அழகிரி தன் தகர டின்னைத் திறந்து ஒரு தட்டில் கொட்டினான். செக்கச்செவேலென்று, கருமிளகும் பூண்டுத் துணுக்கும் ஒட்டிக்கொண்டு, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் பிடி எடுத்தது பரக்கத் அலி. மிளகாய்த்தூள் கட்சித் தலைவர் ஒரு வாய் மென்றார், நிறுத்தினார், எழுந்து நேரே தண்ணீர்ப் பானைக்கு நடந்தார். இரண்டாவது ஆளுக்குப் புரையேறியது. இன்னொருவர் கசாயத்தை வறுத்துக் கொண்டுவந்தானோ என்று கேட்டார். தட்டு வேகமாகச் சுற்றி, அதற்கு மேல் யாரும் தொடாமல் அழகிரியிடமே வந்து சேர்ந்தது. அவனும் ஒன்றை வாயில் போட்டான். பெருங்காயம் தொண்டையில் கசந்தது, மிளகு காதுவரை ஏறியது, கிழங்கின் ருசி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. விக்டர் நல்ல மனசோடு, "பரவாயில்ல அண்ணே, மழை நாளுக்கு ஆகும்" என்றான். அதுதான் அழகிரிக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

அப்போது மாரியாயி கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டாள். ஒரு கை நிறைய எடுத்தாள். ஒவ்வொன்றாக, விடாமல், தின்று முடித்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. மூக்கு சிவந்துவிட்டது. நிமிர்ந்து புருஷனைப் பார்த்து, "நல்லாயிருக்குங்க" என்றாள்.

அதே வார்த்தை. சனிக்கிழமை தவறாமல் மூன்று வருஷமாக அவன் கேட்டுவந்த அதே வார்த்தை, அதே குரல், அதே தலையசைப்பு. அழகிரிக்கு மதகு இரைச்சல்கூட ஒரு நிமிஷம் கேட்காமல் போயிற்று.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் படுத்துவிட்டார்கள். அவன் அவளைக் கூட்டிக்கொண்டு மதகுப் பாலத்தின் மேல் நடந்தான். பாதிப் பாலத்தில் நின்றான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் நேராகவே கேட்டான்.

"உப்பு வறுவல் உனக்குப் பிடிக்கவே பிடிக்காதா?"

மாரியாயி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா ஒண்ணு ரெண்டு திங்கலாம். பொட்டலம் பூராவும் தின்னா அட்டையைத் திங்கற மாதிரி இருக்கும்."

"அப்ப ஏன் நல்லாயிருக்குன்னு சொன்ன?"

"அவ்வளவு தூரம் போயி வாங்கிட்டு வரீங்க. வேற என்ன சொல்றது?"

அரிசி டின் பொட்டலத்தைப் பற்றியும் கேட்டுவிட்டான். மாரியாயி திரும்பி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதிர்வீட்டு வெள்ளையம்மாளோடு ஆஸ்பத்திரிக்குத் துணையாக டவுனுக்குப் போனபோது தானே வாங்கியதாகச் சொன்னாள். அவன் பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்று ஒளித்து வைத்தாளாம். அவன் என்ன நினைத்திருந்தான் என்பது அதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் இறுகியது. பாலத்துக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள்.

 அழகிரிக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவளே பேசினாள். குரலில் கோபம் இருந்தது, கூடவே சலிப்பும்.

"அந்தத் தம்பி என்கிட்ட எது பிடிக்கும்னு கேட்டுச்சு. நான் சொன்னேன். அவ்வளவுதான். எங்க அப்பன் வீட்டுலயும் யாரும் கேட்டதில்ல. நீங்களும் கேட்டதில்ல. ஒருத்தர் கேட்டதும் சிரிப்பு வந்துருச்சு, என்ன செய்யச் சொல்றீங்க?"

கீழே கொள்ளிடம் பக்கம் ஒரு பரிசல் சுழன்று சுழன்று போனது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பும்போது விக்டர் எதிரே வந்தான். பஸ் கிளம்பப் போகிறது, பாத்திரங்களை நான் தூக்கி வரட்டுமா என்று கேட்டான். அழகிரி அவன் தோளில் கைபோட்டு, அடுத்த ஞாயிறு கேரமுக்கு வந்துடு என்றான். விக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் பாத்திரக் கூடையை அழகிரியே தூக்கிக்கொண்டான். எரிச்சல் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இவ்வளவு நாளும் அவனை எரித்தது ஒரு கற்பனை. இப்போது எரித்தது நிஜம்: மூன்று வருஷமாகப் பக்கத்தில் இருந்தவன் கேட்காததை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் போகிற போக்கில் கேட்டுவிட்டான்.

பஸ்ஸில் மாரியாயி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், அவன் பக்கம் திரும்பவில்லை. காவிரிக் கரையோரம் வாழைத்தோட்டங்கள் பின்னால் ஓடின. குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் அழகிரி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"வேற என்னவெல்லாம் உனக்குப் பிடிக்காது?"

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்தது, போயிற்று. கோபம் இன்னும் இருக்கிறது, பேச மாட்டாள் என்றே அவன் முடிவு செய்துகொண்டான். பாலக்கரை தாண்டும்போது மாரியாயி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க வாங்கிட்டு வர மல்லிப்பூ எனக்குத் தலைவலிக்கும். கனகாம்பரம்தான் பிடிக்கும்."

அழகிரி தலையாட்டினான். அடுத்து, அவன் ருசிக்குப் போடுகிற காபியில் சர்க்கரை அதிகம் என்றாள். அவன் ஒரே ஜோக்கைத் திரும்பத் திரும்ப எல்லா விருந்தாளியிடமும் சொல்வது பிடிக்காது என்றாள். இரண்டு பேருமாக அவன் அம்மா இருக்கும் ஊருக்குப் போனால் தன்னைக் கேட்காமல் தங்குகிற நாளை அவன் கூட்டிக்கொண்டே போவது பிடிக்காது என்றாள். சொல்லச் சொல்ல அவள் உடம்பு மெல்ல அவன் பக்கம் திரும்பியது. ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தாலும் அழகிரி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தான். திருவெறும்பூரில் இறங்கிக் கூடையோடு குவார்ட்டர்ஸுக்கு நடந்தபோதும் அவள் சொல்லி முடித்தபாடில்லை.