தூரத்து மைக்

தென்காசியில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் உமா மகேஸ்வரி, கணினி வயலின்கள் பெரிய அரங்கில் ஒலிப்பதுபோல் கேட்பதற்காக, மென்பொருளுக்குள் கிட்டத்திலும் நடுவிலும் தூரத்திலுமாக மூன்று கற்பனை மைக்குகளை வைத்து, ஒரு வாரம் அவற்றின் ஒலி அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிபார்த்திருந்தாள்.

தன் படத்துக்கான அந்த இசையைக் குறும்பட இயக்குநர் குமரகுரு அரை நிமிடம்கூடக் கேட்கவில்லை.

"பிரம்மாண்டம் பத்தல. தூரத்து மைக்கை மட்டும் முழுசா ஏத்து. மத்த ரெண்டும் எதுக்கு?"

ஏற்றினாள். வயலின்கள் எதிரொலியில் கரைந்து வெறும் இரைச்சலாயின.

"ஐந்தருவிக்கு அடியில நின்னு வாசிச்ச மாதிரில்லா இருக்கு, அண்ணாச்சி?"

"அதேதாம்மா! அதத்தான் கேட்டேன்!" அவர் கண்களை மூடித் தலையாட்டினார்.

இந்தக் காதுகள் மூக்குக்கண்ணாடி மாட்டத்தான் லாயக்கு என்று நினைத்துக்கொண்டே பென்டிரைவை நீட்டினாள்.

"டைட்டில்ல எம் பேரு வேண்டாம்."

"எவ்வளவு அடக்கம்!" என்று மெச்சினார் குமரகுரு.