கழுவிய தகடுகள்

யுத்தத்தால் கப்பல்கள் வருவது குறைந்தபின், கொக்குவில் பக்கமிருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புதிய கண்ணாடித் தகடுகள் கிடைக்கவில்லை. ஒருவரின் சளியைப் பூசிச் சாயமிட்டு மைக்கிறஸ்கோப்பில் பார்த்த தகட்டையே, பரிசோதகர் யாகப்பு சவர்க்காரத்தில் அவித்துக் கழுவி அடுத்தவருக்கு எடுத்தார்.

அப்படிக் கழுவிய தகடொன்றில்தான் தேவமலர் ரீச்சருக்குச் சயரோகக் கிருமி தெரிந்தது. பால்குடி மறவாத மகனை மச்சாளிடம் விட்டுவிட்டு அவள் சயரோக வாட்டுக்குப் போனாள்.

மாரி தொடங்கியபின் புதுச் சிவப்புச் சாயம் வந்தது. அதைச் சோதிக்க யாகப்பு கழுவி வைத்த ஒரு வெறுந்தகட்டில் ஊற்றிப் பார்த்தார். பார்த்ததும் டாக்டர் இராசசிங்கத்தைக் கூப்பிட்டார்.

"ஆரின்ரை சளி உது? கிருமி நிறைஞ்சு கிடக்கு."

"ஒருத்தற்றையும் இல்லை ஐயா. சளியே பூசேல்லை."

"அப்ப உவங்கள் எப்பிடி வந்தவங்கள், மெயில் றெயிலிலையோ?"

"உந்தத் தகட்டிலை முந்திப் பாத்த ஆரின்ரையோதான். அவிச்சும் போகேல்லை."

டாக்டரின் சிரிப்பு நின்றது. பெரியாஸ்பத்திரியில் கேட்டு ஒரு புதுத் தகடு வாங்கிக்கொண்டு வாட்டில் தேவமலரிடம் போனார்.

"முந்திப் பாத்தது பிழையாயிருக்கலாம், பிள்ளை. திரும்பப் பாப்பம்."

"அப்ப நான் வீட்டை போகலாமோ?"

அடுத்த கட்டிலில் கிடந்த நல்லம்மா எழும்பி இருந்தாள். "ரீச்சர் தப்பியிட்டா! இனி என்ரை மனுசனுக்கு ஆர் கடிதம் எழுதுறது? நான் ஏசச் சொன்னாலும் இவ அன்பாத்தான் எழுதுறவ."

தேவமலர் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை. வந்த சளியை டாக்டர் கிண்ணத்தில் ஏந்தினார்.

புதுத் தகட்டிலும் கிருமிகள் சிவப்புக் கோடுகளாய்க் கிடந்தன. மறுநாள் டாக்டர் அதைச் சொன்னபோது நல்லம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"வரேக்கையே இருந்ததோ, இஞ்சை வந்து பிடிச்சதோ?" என்று தேவமலர் கேட்டாள்.

"தெரியாது."

"தெரியாதெண்டதையே எழுதித் தாங்கோ, மச்சாளுக்குக் காட்ட. என்ரை பாலிலை பிள்ளைக்கும் வந்திருக்குமெண்டு மச்சாள் அவனை ஒருத்தரையும் தூக்க விடுறாவில்லையாம். அழுதாலும் பாயிலையே கிடக்கிறானாம்."

டாக்டர் பேனாவை எடுத்தார். தெரியாது என்று ஒருத்திக்கு எழுதினால், கழுவிய தகட்டில் பார்த்த எல்லாரும் தங்களதும் பிழையோ என்று கேட்டு வாசலுக்கு வருவார்கள். எழுதி நீட்டினார்.

சளியில் கிருமி உண்டு என்பது மட்டுமே அதில் இருந்தது.