பக்கத்து வீட்டாரின் கருத்து (பத்து வரிகளுக்கு மிகாமல்)

1

இது கதையாக வேண்டும் என்று பிறந்ததல்ல. மேல்முறையீட்டுப் படிவம் ஒன்றின் நான்காம் பக்கத்தில் 'பக்கத்து வீட்டாரின் கருத்து' என்று அச்சடித்து, அதன்கீழ் பத்து கோடுகள் போட்டிருந்தார்கள். அதை நிரப்பத்தான் உட்கார்ந்தேன். பத்து கோடு யாருக்குப் போதும்? எதிர்வீட்டுக் கூடத்தை என் சமையலறை ஜன்னல் வழியாக ஆறு வருஷமாகப் பார்த்து வருகிறவள் நான். (பார்ப்பதில்லை, கண்ணில் படுகிறது. ஜன்னலை அந்த இடத்தில் வைத்தது கொத்தனார்.)

எழுத வேண்டியது எதிர்வீட்டு லிஃப்ட்டுக்காரரைப் பற்றி. உயரமான கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து, வலக் கையும் வலக் காலும் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. இப்போது சக்கர நாற்காலி. கூட இருப்பது கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட தங்கை. தையற்கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்துக்கொள்கிறாள். பார்த்துக்கொள்வதற்கு அரசாங்கம் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது.

படிவத்தில் கேள்வி ஒன்றுதான்: மேற்படி நபரால் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ள முடியுமா?

முடியாது என்றால் சம்பளம் உண்டு. முடியும் என்றால் நின்றுபோகும். அவள் கடைக்குத் திரும்ப வேண்டும், அவர் ஏதாவதோர் இல்லத்தில் போய்ச் சேர வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"மாலை வெயில் சக்கரத்தின் கம்பிகளில் பட்டுத் தெறிக்க, அவர் ஜன்னலோரம் அமர்ந்து..."

வேண்டாம். அவர் ஜன்னலோரம் உட்காரவே மாட்டார். நான் பார்ப்பேனாம்.

அப்புறம் இப்படி:

"தியாகமே உருவான அந்தத் தங்கை தன் வாழ்வையே..."

படித்துக் காட்டினால் அடிக்க வருவாள். தியாகமாவது ஒன்றாவது, அவள் பணியாளர். கழுத்தில் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை. வேலை நேரத்தில் அணிந்தே ஆக வேண்டுமென்று விதி. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் காலை எட்டு மணிக்கு மாட்டிக்கொள்வாள். அண்ணன் காலைக் கழுவக் குனிந்தால் அட்டை வாளிக்குள் போகும். இரண்டு வருஷத்தில் புகைப்படத்தில் மூக்கு அழிந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கழற்றி ஆணியில் மாட்டுவாள்.

"ஏம்மா ஸ்டாஃப், கொஞ்சம் தண்ணி."

"மணி ஆறு ஆச்சு. ஸ்டாஃப் கிளம்பிப் போயாச்சு."

"சரி, தங்கச்சி இருக்காளா?"

"இருக்கா. முதுகு வலியோட இருக்கா. கத்தாதீங்க."

தண்ணீர் என்னவோ வந்துவிடும்.*

* முதுகுவலி நடிப்பல்ல. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு என்று இரண்டு வருஷம் தூக்கினால் யாருக்கும் வரும். அவரைத் தூக்கி உட்காரவைத்த பிறகு தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். "என்னடீ, நான் எழுந்தா நீ படுத்துக்கற?" என்பார் அண்ணன்.

3

இப்போது டேப்லெட் அம்மா வருகிறார். சம்பளத்தைத் தொடரலாமா என்று வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து சோதிக்கும் அதிகாரி. கையில் ஒரு டேப்லெட் வைத்திருப்பதால் இந்தப் பெயர். (வைத்தது நான்தான்.)

அப்போது நானும் அங்கே இருந்தேன். சர்க்கரை கடன் கேட்கப் போயிருந்தேன். என் வீட்டில் சர்க்கரை இருந்தது, அதை விடுங்கள்.

"சார், தானா சட்டை போட்டுக்க முடியுமா?"

"முடியும்."

அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற தங்கை இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அவ கிடக்கறா மேடம். போட்டுக் காட்டவா?"

காட்டினார். நாற்பத்தேழு நிமிஷம். தலை வழியாக மாட்டும் சட்டை. இடக் கை ஒழுங்காகப் போயிற்று. பின்னாலேயே தலையும் அதே கை வழியாகப் போகப் பார்த்தது. சட்டைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "இதோ, ஆச்சு." டேப்லெட் அம்மா டீ குடித்தார், இரண்டு போன் பேசினார், கொஞ்சம் கண்ணயரவும் செய்தார். கடைசியில் தலை வெளியே வந்தது. சட்டைப் பை முதுகில் இருந்தது. வியர்த்து வழியச் சிரித்தார் மனிதர். நான் கைதட்டப் போனேன். தங்கை முறைத்தாள்.

டேப்லெட்டில் இரண்டே கட்டங்கள்: முடியும், முடியாது. நாற்பத்தேழு நிமிஷத்துக்கு ஒரு கட்டம் இல்லை.

"குளிக்க?"

"முடியும்."

"மாடிப்படி ஏற?"

"மேடம், நான் பதினாலாவது மாடிக்கும் மேல நின்னு வேலை பாத்தவன்."

"இப்போ கேக்கறேன் சார்."

"இப்போதான் எல்லா இடத்துலயும் லிஃப்ட் இருக்கே!"

அதிகாரி போன பிறகு தங்கை பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு 'முடியாது' அண்ணா. சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

"வெளியாள் முன்னாடி எப்படிடீ சொல்றது?"

"காலைல சோப்பு வழுக்கினப்போ என்கிட்ட மட்டும் நூறு தடவை சொன்னீங்க?"

"நீ என்ன வெளியாளா?"

 இந்த 'முடியும்', 'முடியாது' நம் மொழியில் ஒரு தொல்லை. 'முடியும்' என்றால் இயலும் என்றும் பொருள், தீர்ந்துபோகும் என்றும் பொருள். இந்தக் கதை முடியுமா என்று நீங்கள் கேட்டால், என் திறமையைச் சந்தேகிக்கிறீர்களா, கடிகாரத்தைப் பார்க்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது.

4

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அப்படியே தருகிறேன்.

"தாங்கள் தம் பணிகளைத் தாமே ஆற்றும் திறன் பெற்றிருப்பது மகிழ்ச்சியளிக்கிறது. எனவே தங்கள் பராமரிப்பாளருக்கான ஊதியம் நிறுத்தப்படுகிறது. பராமரிப்பாளருக்கு முதுகுத்தண்டுப் பாதிப்பு உள்ளதாக மருத்துவச் சான்று வந்துள்ளது. அன்னாரைப் பராமரிக்கும் பணிக்குத் தாங்கள் விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டைக்காகப் புகைப்படம் இரண்டு அனுப்பவும்."

இது என் கற்பனை என்று நினைக்காதீர்கள். கற்பனையென்றால் இன்னும் நம்பும்படியாகச் செய்திருப்பேன்.

லிஃப்ட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார். "போட்டோவுக்கு எந்தச் சட்டை நல்லா இருக்கும்?" என்றார்.

தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்த சிரிப்பில் முதுகு பிடித்துக்கொண்டது. சிரிப்பையும் நிறுத்த முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. "ஸ்டாஃப்! என்னைக் கொஞ்சம் பிடிங்க!" என்றாள். அவர் இடக் கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு பாதி நிமிர்ந்தாள். நாற்காலி சறுக்கி, இரண்டு பேரும் சுவரோரம் போய் நின்றார்கள். அங்கேதான், சுவரில் சாய்ந்தபடி, அவள் அழுதாள். நான் ஜன்னல் கதவைக் கொஞ்சமாகச் சாத்தினேன்.

5

மறுநாள் படிவத்தோடு வந்தாள்.

"அக்கா, நல்லா கேவலமா எழுதுங்க. ஸ்பூனைக்கூடப் பிடிக்கத் தெரியாதுன்னு எழுதுங்க. தெருவுல போறவங்களைப் பத்தி எல்லாம் கை கால் வச்சுப் பேசுவீங்களே, அதை இதுல காட்டுங்க."

"ஒரு பிரதி அவருக்கும் போகும்னு போட்டிருக்கே?"

"தெரியும்." படிவத்தின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். "அதான் உங்ககிட்ட வந்தேன். நான் எழுதிட்டு, அப்புறம் எந்த முகத்தோட அவருக்குச் சட்டை போட்டுவிடறது?"

ஆக, அந்தக் கெட்ட பெயர் எனக்கு. சரி, எனக்கு ஏற்கெனவே நாலைந்து இருக்கிறது.

6

மேல்முறையீட்டுக்கு இன்று கடைசி நாள். தங்கை முதுகு வைத்தியத்துக்குப் போயிருக்கிறாள். பன்னிரண்டரைக்கு வந்து படிவத்தை வாங்கிக்கொண்டு அப்படியே அலுவலகத்துக்கு ஓட வேண்டும்.

பத்து மணிக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. லிஃப்ட்டுக்காரர், தனியாக. இடக் கையால் சக்கரத்தைத் தள்ளி, இடக் காலால் தரையை உந்தி வந்தார். பதினைந்தடித் தெரு. ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் நாற்காலி வட்டமடிக்கும். அடித்தது. நான் ஓடிப் போய்ப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் என்னோடு அவர் பேச்சு இந்த ஜென்மத்துக்கு இல்லை. பதினொன்றேகாலுக்கு என் வாசலுக்கு வந்தார். ரோடு போடப் போட என் வீடு தாழ்ந்துவிட்டது. வாசற்படியிலிருந்து தொப்பென்று உள்ளே இறங்கினார்.

"என்ன எழுதியிருக்கீங்க அக்கா?"

வெற்றுக் கோடுகளைக் காட்டினேன்.

"ஆறு வருஷமா எங்க வீட்டையே பாத்துட்டு, ஒரு வரிகூடத் தேறலையா?"

(அவருக்குத் தெரிந்திருக்கிறது.)

"நான் சொல்றேன், எழுதுங்க. அவளால முடியல. என்னைத் தூக்கித் தூக்கி அவ முதுகு போச்சு."

"அப்படி எழுதினா, வேலை செய்ய முடியாதவங்கன்னு அவளை வேலையை விட்டே எடுத்துடுவாங்க."

"அப்போ என்னால முடியும்னு எழுதுங்க."

"அதைத்தான் நீங்களே சொல்லி வச்சிருக்கீங்க."

"அப்போ..." வாயைத் திறந்தார். மூடினார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அது வரவில்லை.

7

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

அ. அவர் சொல்லிவிடுகிறார். நான் எழுதுகிறேன். எல்லோரும் அழுகிறோம்... இல்லை. எனக்கே கண்ணீர் வரவில்லை.

ஆ. அவருக்கும் வேலை கிடைக்கிறது. காலை எட்டு மணிக்கு இருவரும் அட்டை மாட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பராமரிக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. அலுவலகம்தான் ஒப்புக்கொள்ளாது.

நடந்தது இரண்டும் இல்லை. "வர்றேன் அக்கா" என்று நாற்காலியைத் திருப்பினார். இறங்கியது எளிது. இப்போது ஏற வேண்டும். முன்சக்கரம் படியில் இடித்துப் பின்னால் உருண்டது. மறுபடியும். மறுபடியும். என்னைக் கூப்பிடவில்லை. படிவம் என் மடியில் இருந்தது. பார்த்தால் எழுத வேண்டும். தள்ளிவிட்டால், தள்ளினேன் என்றும் எழுத வேண்டும்.

எழுந்து போய் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். இந்தத் தெருவில் நான் பார்க்காமல் விட்ட முதல் விஷயம் இதுதான்.

ஆனால் நீங்கள் வாசல் பக்கம்தான் முகம் வைத்திருக்கிறீர்கள். சக்கரம் ஏறியதா, அவர் வாயைத் திறந்து யாரையாவது கூப்பிட்டாரா, உங்களுக்குத்தான் தெரியும். படிவம் மேஜை மேல் இருக்கிறது. பேனா எழுதும், கொஞ்சம் உதற வேண்டும். தெருமுனையில் தங்கை வந்துகொண்டிருக்கிறாள்.