போறணை வீட்டுச் சுவர்

“உங்கட ஊரில மொத்தம் எத்தினை சனம் பிள்ளை?” என்று சுவிஸின் ஷாஃப்ஹவுசன் நகரிலிருந்து ஞானேஸ்வரி சித்தி ஒருமுறை தொலைபேசியில் கேட்டாள்.

“ஒன்பது, சித்தி.”

“எங்கட லிஃப்டுக்குள்ள அதைவிடக் கூடச் சனம் நிக்கும். அக்காவும் நீயும் சேர்த்தோ ஒன்பது?”

ஹரிஷா தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தாள்.

எங்கடின் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் ஒற்றைப் பாதை முரேரா என்ற அந்த மலையூரில் முடிந்துவிடும். ஆறு வீடுகள், ஒரு மணிக்கூண்டு, ஊருக்குப் பொதுவாகப் பாண் சுடும் அடுப்போடு ஒரு போறணை வீடு. விடுமுறை வீடுகளைத் துப்புரவாக்கும் வேலையோடு அம்மா மனோகரிக்கு அங்கே ஒரு கீழ்த்தளம் கிடைத்திருந்தது. பனியும் குளிருமாக இரண்டு மாரிகள் போய்விட்டன. மார்ச் முதலாம் தேதி ஊரார் ஒன்பது பேரும் போறணை வீட்டில் கூடுவார்கள். மாரியைத் தாண்டிய ஒவ்வொருவரும் கரிபிடித்த சுவரில் தன் கையாலேயே ஒரு கோடு கீறுவார். ஹரிஷா அதைத் திறந்த கதவு வழியே, தெருவில் நின்று பார்த்திருக்கிறாள். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை.

இந்தத் தைப்பொங்கலுக்கு முற்றத்தில் ஆளுயரப் பனி. வீட்டுக்குள் பொங்கினால் புகை அலாரம் அலறும். ஊருக்குப் பெரியவரும் பனி தள்ளும் டிராக்டர் ஓட்டுபவருமான உர்சீனாவிடம் அம்மா போறணை வீட்டுக் கதவின் திறப்பை வாங்கினாள்.

ஹரிஷா மிச்ச விறகோடு போனபோது அடுப்பில் பானை ஏறியிருந்தது; கரிச்சுவர் வெள்ளையாக இருந்தது.

“என்னம்மா செய்து வைச்சிருக்கிறீங்கள்!”

“அடுப்படி கழுவாமல் பொங்கிறதோ? சோடாத்தூள் போட்டு உரஞ்சினன். எவ்வளவு கரி!”

“அது ஊத்தை இல்லையம்மா. அதிலதான் அவையள் கோடு கீறுறவை!”

அம்மாவின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. “ஐயோ. இனி எங்களை இங்க வைச்சிருப்பினமோ?”

ஹரிஷா சுவருக்குக் கிட்டப் போனாள். கரியில் கிடந்த மேலோட்டமான கோடுகள் போய்விட்டன. அவற்றுக்கடியில், சுண்ணாம்பில் கத்தியால் ஆழமாக வெட்டிய வேறு கோடுகள், வரிசை வரிசையாய், கூரை வரைக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் ஆண்டு. 1748இல் நாற்பத்தொரு கோடுகள். 1749இல் ஐந்து.

அவள் மறுபடியும் எண்ணினாள். ஐந்துதான். மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு வீடும் இல்லாத அந்தச் சரிவு ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று அப்போது விளங்கியது. முழு ஊரும் பனிச்சரிவுக்குள் போயிருக்கிறது. மிஞ்சிய ஐந்து பேரும் எங்கேயும் போகவில்லை. வந்து, அடுப்பு மூட்டி, கோடு கீறியிருக்கிறார்கள். 1750இல் ஆறு. ஆறாவது மட்டும் வரிசையை விட்டிறங்கி, முழங்கால் உயரத்தில், கோணலாக. யாரோ ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக் கீற வைத்திருக்க வேண்டும். விரலால் தொடப் போன ஹரிஷா கையை இழுத்துக்கொண்டாள்.

வாசலில் உர்சீனா நின்றார்.

“என்ட்ஷூல்டிகுங்,” என்றாள் அம்மா. மன்னிப்புக் கேட்க அவளிடம் இருந்தது அந்த ஒரு ஜெர்மன் சொல்தான்.

உர்சீனா தொப்பியைக் கழற்றினார். கரிக்கடியில் கிடந்த கோடுகளை அவரும் முதல்முறையாகத்தான் பார்க்கிறார் என்று முகம் சொன்னது. ஐந்து கோடுகளின் முன்னால் நீண்ட நேரம் நின்றார். குனிந்து அந்தக் கோணல் கோட்டை உள்ளங்கையால் மூடிப் பார்த்தார். பின்னால் பானை பொங்கி வழிந்தது. அம்மா திரும்பவே இல்லை.

கதவோரம் கயிற்றில் தொங்கிய, கோடு கீறும் ஆணியை உர்சீனா எடுத்தார். மார்ச்சுக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது. ஆனாலும் வெறும் இடத்தில் இந்த ஆண்டை எழுதி, கீழே தன் கோட்டைக் கீறினார். சோடாவில் சிவந்திருந்த அம்மாவின் கையை விரித்து ஆணியை அதில் வைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனார்.